கடைவீதிச் சுவரில் ஊரை வரைந்தோம்: ஒரு கோவில்பட்டி அனுபவம்

கோவில்பட்டி மெயின் ரோட்டில் சுவர் ஓவியம் வரையப்போகிறோம் என்று சொன்னதும் அநேகமாக எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "யார் படம்?" சுவரில் படம் என்றால் தலைவர் படம், இல்லையென்றால் சாமி படம், அதுவும் இல்லையென்றால் சினிமா. எங்கள் பக்கத்துக் கடைவீதிகள் அப்படித்தான் பழகியிருக்கின்றன. "யார் படமும் இல்லை அண்ணாச்சி, ஊர்ல நடக்கிற வேலையை வரையப்போறோம்" என்றால், "வேலையவா? அதை யாரு நின்னு பாப்பா?" என்று திருப்பிக் கேட்டார்கள். கடை கடையாக ஏறி இதற்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான், என்ன செய்யப்போகிறோம் என்பது எங்களுக்கே தெளிவானது.

நான் இங்கே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. என்னிடம் படித்துக் கல்லூரிக்குப் போன சில பிள்ளைகள், கடை வைத்திருக்கும் நண்பர்கள், ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துச் சுவர்களையெல்லாம் எழுதிய பெயின்டர் அண்ணாச்சிகள் இரண்டு பேர். எங்கள் குழு அவ்வளவுதான். சங்கம், பதிவு, லெட்டர்பேடு எதுவும் கிடையாது. இப்போது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து "நாங்களும் செய்யணும், எங்கே ஆரம்பிக்க?" என்று கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில், எதை வரைவது என்பது. பாரம்பரியம் என்றதும் எல்லாரும் சொன்னது எட்டயபுரம் பாரதி, கழுகுமலை வெட்டுவான் கோயில். இரண்டும் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் பாரதியின் முண்டாசு இல்லாத பள்ளிச் சுவர் தமிழ்நாட்டில் குறைவு. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் ஒற்றைப் பாறையில் குடைந்த வெட்டுவான் கோயிலை, பஸ் ஏறிக் கழுகுமலைக்கே போய்ப் பார்ப்பதுதான் முறை. மெயின் ரோட்டில் நடப்பவர்களுக்கு மெயின் ரோட்டின் கதையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இந்தக் கடைவீதி எதனால் ஓடுகிறது? சுற்றிலும் கரிசல் மண். அதில் விளைந்த பருத்தி, அதை நம்பி வந்த மில்கள், நிலக்கடலை, அதிலிருந்து வந்த கடலை மிட்டாய், மழையில்லாத பூமியில் பிழைக்க வழி செய்த தீப்பெட்டி. சாகித்திய அகாதெமி விருது பெற்ற இரண்டு எழுத்தாளர்களைக் கொடுத்த இடைசெவல் பக்கத்தில் இருக்கிறது. மாலையானால் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவற்றோடு, இந்த ஊரில் உட்கார்ந்து தென்னிந்தியாவின் பூஜை அறைகளுக்கெல்லாம் படம் போட்டுக் கொடுத்த ஒருவர் இருந்தார்.

அவர் சி. கொண்டையராஜு. 1898-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனி ஒன்றுக்குத் திரைச்சீலை வரைபவராக ஊர் ஊராகச் சுற்றி, 1940-களின் தொடக்கத்தில் இங்கே வந்து தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. 1976-இல் மறைந்தார். அந்தப் படங்களை எங்கள் தலைமுறை பார்க்காத நாள் இல்லை. ஆனால் அவற்றை வரைந்தவர் இந்த ஊர்க்காரர் என்று தெரியுமா என என் வகுப்பில் கேட்டால் ஒரு கைகூட உயராது. அதனால் முதல் சுவர் அவருக்கு என்பதில் எங்களுக்குள் விவாதமே இல்லை.

விவாதம் அதற்குப் பிறகு வந்தது. அவர் வரைந்தது சாமி படங்கள். கடைவீதிச் சுவரோ ஆள் சாய்ந்து நிற்கிற இடம், வெற்றிலைச் சாறு தெறிக்கிற இடம், பைக்கைச் சாத்தி வைக்கிற இடம். அசிங்கம் செய்யாமல் இருக்கட்டும் என்று சாமி படம் ஒட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கும்பிடும் படத்தைக் காவல்காரனாக நிறுத்துவது அந்தப் படத்துக்கும் மரியாதை இல்லை, வரைந்தவருக்கும் மரியாதை இல்லை. காலண்டர் படத்தை அப்படியே பெரிதாக்கி வரைவதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. நம் நாட்டில் பதிப்புரிமை, ஓவியர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் வரை உண்டு. 1976-இல் மறைந்தவரின் படங்களுக்கு 2036 முடியும்வரை அது ஓடும். பல படங்களில் சீடர்களின் கையும் இருப்பதால் இன்னும் தள்ளிப்போகும். உரிமை வாரிசுகளிடம் இருக்கலாம், அச்சகத்திடமும் இருக்கலாம். பழைய படம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று இறங்கக் கூடாது. தீப்பெட்டி லேபிள்களும் அப்படித்தான். கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று ஒரு லேபிளை வரைந்துவிட முடியாது. அது ஒரு கம்பெனியின் பதிவு செய்த அடையாளம். எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

வழி சொன்னவர் மூத்த பெயின்டர் அண்ணாச்சி. "அவரு சாமி படம் போடுறதுக்கு முன்னாடி படுதா எழுதினவருல்லா? படுதாவைப் போடுவோம்" என்றார். நாடக மேடையில் பின்னால் தொங்கும் தெரு படுதா, காட்டுப் படுதா, தர்பார் படுதா. சுவர் முழுவதையும் ஒரு தர்பார் படுதாவாக வரைந்தோம். தூண்கள், சிவப்புத் திரை, மடிப்பு மடிப்பாகக் குஞ்சலம், நடுவில் தூரத்தில் ஓர் ஏரி, அன்னம், தாமரை. ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியில் நின்று ஒருவர் வரைகிறார். முகம் இல்லை. இப்போது ஜவுளிக் கடைக்கு வருகிறவர்கள் அந்தத் தர்பாருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அந்தக் காலத்து ஸ்டூடியோவில் நின்ற மாதிரியே. படுதாவுக்கு முன்னால் ஆள் நின்றால்தானே அது முழுமை.

அடுத்தது தீப்பெட்டிச் சுவர். இந்த வேலை முழுவதிலும் நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ்தான். கல்லூரித் தம்பி ஒருவன் அருமையாக ஒரு பென்சில் படம் போட்டிருந்தான். ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து, ஒரு குச்சியை இரு விரலால் எடுத்து, குச்சி அடுக்கும் மரச் சட்டத்தில் வைக்கிறாள். முகத்தில் சோகம், கசங்கிய சேலை. மேலே பெரிதாக எரியும் தீக்குச்சி. கண்காட்சியில் வைத்தால் பரிசு கிடைக்கும் படம். சுவரில் ஏற்றுவதற்கு முன்னால், அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் காட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். வேலை முடிந்து வரும் அக்காமார்களிடம் டீக்கடை வாசலில் வைத்து விரித்துக் காட்டினேன்.

முதல் பேச்சே தீயைப் பற்றித்தான். "டீச்சர், ஆபீஸ் படத்துல தீயைப் போடலாமா?" என்றார் ஓர் அக்கா. மற்றவர்களும் சட்டென்று முகம் மாறினார்கள். தீப்பெட்டி என்றால் நமக்குச் சுடர்தான் நினைவு வரும். அவர்களுக்கு ஆபீஸில் தீ என்றால் விபத்து. மருந்து முக்கும் இடத்தில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள். அந்தச் சுடர் அன்றைக்கே போய்விட்டது. அப்புறம் கை. "ஒத்தைக் குச்சியா எடுத்து வச்சா ராத்திரிவரைக்கும் ஒரு கட்டை ஏறாது" என்று சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்த பெஞ்சின் மேல் கையை வைத்துக் காட்டினார்கள். பள்ளம் பள்ளமாக வெட்டிய மரச் சட்டத்தின் மேல் ஒரு பிடி குச்சியை விட்டு, உள்ளங்கையால் அப்படியே பரசிவிட்டால் பள்ளத்துக்கு ஒன்றாகப் போய் உட்காரும். மேலே அடுத்த சட்டம். "கையைப் பாக்கவே மாட்டோம் டீச்சர், பக்கத்துல உள்ளவட்ட பேசிக்கிட்டே அடுக்குவோம்." படத்தில் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. ஒருத்தி இரண்டு பேரானாள். பேச்சு வந்தது, முகத்தில் சிரிப்பு வந்தது. சேலை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு: "வேலைக்குப் போறவ தலைக்குப் பூ வைக்காம, அழுக்குச் சேலையிலயா போவா?" மாம்பழ மஞ்சளில் சேலை, கனகாம்பரம் வைத்தோம்.

கடைசியாக ஒருவர், வயதில் மூத்தவர், படத்தின் ஓரத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைத் தொட்டுக் காட்டினார். "இவ இங்க இருக்க வேண்டாம்." வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விடியற்காலையில் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போனவர்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் பல ஆண்டுகள் கழித்துத்தான் அது மெல்ல மெல்ல நின்றது. அதைச் சொன்ன மூத்தவரும் அப்படிப் போனவராகத்தான் இருக்க வேண்டும். சிறுமியை எடுத்துவிட்டால் போதுமா, அந்த வரலாற்றை மறைத்ததாகிவிடாதா என்று எங்கள் குழுவில் நெடுநேரம் பேசினோம். அவரிடமே திரும்பப் போய்க் கேட்டேன். யோசித்துவிட்டு, "பள்ளிக்கூடம் போற மாதிரி போடுங்க" என்றார். சுவரின் மறுகோடியில் பையை மாட்டிக்கொண்டு அவள் நடந்து போகிறாள், பெண்கள் இருவரும் அடுக்கிக்கொண்டே அவள் பக்கம் பார்க்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் நின்று பார்க்கிறார்கள். எனக்கும் அந்தச் சுவரில் பிடித்த இடம் அதுதான்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்ப் பெருமையை வரையும்போது, தொழிலை வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணும் உள்ளே இருப்பவர் கண்ணும் வேறு வேறு. பென்சில் படத்தை அந்த வேலைக்காரர்களிடம் காட்டாமல் சுவரில் ஏற்றாதீர்கள். ஒப்புக்குக் காட்டி "நல்லாருக்கா?" என்று கேட்டால் "நல்லாருக்கு டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். "இதில் எது தப்பு?" என்று கேளுங்கள். பென்சிலையும் ரப்பரையும் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் கண்முன்னால் ஒரு கோட்டை அழித்துத் திருத்தினால், அதற்குப் பிறகு வரும் பேச்சே வேறு.

கடலை மிட்டாய்ச் சுவர் சுலபமாக முடிந்தது. 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஊரே அதைப் பற்றிப் பேசத் தயாராக இருக்கிறது. மிட்டாய் போடும் மாஸ்டர் திருத்தியது இரண்டே விஷயம். பாகு ஊற்றிய கடலையைப் பலகையில் கொட்டி உருளையால் தேய்க்கும்போது ஆள் நிமிர்ந்து நிற்க மாட்டார், உடம்பின் எடை முழுவதும் உருளையில் இருக்கும். இன்னொன்று, மேலே தூவும் தேங்காய்த் துருவலின் ரோஸ், பச்சை, மஞ்சள் நிறங்கள். அதை வரையாவிட்டால் அது எந்த ஊர்க் கடலை மிட்டாயாகவும் இருக்கலாம் என்றார். துருவலைப் பிள்ளைகளிடம் விட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையெட்டும் உயரம்வரை, சின்னச் சின்னத் தீற்றலாக அவர்களே தூவினார்கள். பிள்ளைகளை அழைப்பதென்றால் தண்ணீரில் கலக்கும் பெயின்ட் மட்டும் கொடுங்கள். எனாமல், தின்னர் பக்கம் விடவே கூடாது. சாரத்தில் ஏற்றவும் கூடாது.

இனி சுவர் பிடிக்கிற கதை. நம் ஊரில் சும்மா கிடக்கிற சுவர் என்று ஒன்று கிடையாது. "இந்தச் சுவர் ரிசர்வ்டு" என்று ஏதோ ஒரு கட்சி ஆண்டு போட்டு எழுதி வைத்திருக்கும். அதை வெள்ளையடிப்பதற்கு முன்னால் அந்தப் பகுதிப் பொறுப்பாளரைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. நாங்கள் எல்லாக் கட்சிக்காரர்களையும் பார்த்தோம். யார் படமும் இல்லை, தீப்பெட்டியும் கடலை மிட்டாயும்தான் என்று தெரிந்ததும் ஒருவரும் மறுக்கவில்லை. எழுத்து வேலை தனி. தமிழ்நாட்டில் பொது இடங்களை விளம்பரத்தால் உருக்குலைப்பதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதனால் தனியார் சுவரென்றாலும் நகராட்சிக்கு ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சம்மதித்தால் போதாது, அவர் வாடகைக்கு இருப்பவராக இருக்கலாம். கட்டட உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். பங்காளிச் சொத்தாக இருந்தால் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். கோயில் கட்டடமென்றால் அறநிலையத் துறை, சாலையோரத் தடுப்புச் சுவரென்றால் நெடுஞ்சாலைத் துறை. சம்மதக் கடிதத்தில், எத்தனை வருடம் படம் இருக்கும், மராமத்து செய்வதானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். தேர்தல் அறிவித்ததும் சுவர் எழுத்தையெல்லாம் வெள்ளையடித்து மறைப்பார்கள். அந்த வேகத்தில் நம் படமும் போய்விடாமலிருக்க அனுமதிக் கடித நகல் ஒன்று பக்கத்துக் கடையில் எப்போதும் இருக்கட்டும்.

நிறம் தேர்வதிலும் கவனம் வேண்டும். தென்மாவட்டத்தில் இரண்டு மூன்று நிறங்கள் அடுத்தடுத்துப் பட்டையாக வந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு கட்சிக் கொடியாகவோ சங்கக் கொடியாகவோ தெரிந்துவிடும். ஓவியத்துக்காக வைத்த பட்டை ஊர்ச் சண்டையில் போய் நிற்கும். ஆகவே எங்கள் படங்களில் நிறப் பட்டைகளே கிடையாது. ஒவ்வொரு படத்தையும், அதில் வரும் உடை, பொட்டு, பாத்திரம் உட்பட, வெவ்வேறு தெருக்காரர்களிடம் காட்டி "இதைப் பார்த்தா யாரு ஞாபகம் வருது?" என்று கேட்டோம். மனம் கோணாமல் பேசக்கூடிய நேரம் அதுதான், பெயின்ட் ஏறிய பிறகு அல்ல.

ஒரே ஒரு பட்டை மட்டும் உண்டு. எல்லாச் சுவர்களிலும் தரையிலிருந்து இரண்டரை அடிக்குக் கரிய நிறம். அது கரிசல் மண். எந்தப் படமாக இருந்தாலும் அந்த மண்ணின் மேல்தான் நிற்கிறது. படுதாவும் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் ஒரே கதை என்று அது சொல்லிவிடுகிறது. நடைமுறையிலும் அதுதான் நல்லது. மழைச் சேறு தெறிப்பது, செருப்புத் தடம், வெற்றிலைச் சாறு எல்லாம் அந்த உயரத்தில்தான். அழுக்கானால் ஒரு டப்பா கறுப்பு எடுத்து யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம், ஓவியர் வர வேண்டியதில்லை.

ஷட்டரில் வரைவோம் என்று கல்லூரிப் பிள்ளைகள் ரொம்ப ஆசைப்பட்டார்கள். வெளிநாட்டுப் படங்களில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கடைகள் காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் மூடும். கடைவீதியில் கூட்டம் இருக்கும் நேரம் முழுவதும் ஷட்டர் சுருண்டு மேலே இருக்கும். பார்க்கப்போவது பால்காரரும் பேப்பர்காரரும்தான். தகடு மடிப்பு மடிப்பாக இருப்பதால் முகம் வரைந்தால் கோணிப்போகும். தினம் இரண்டு முறை உருளும்போது பெயின்ட் உரசும். ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து எனாமலில் எழுதினாலும் வேலைக்கேற்ற பலன் இல்லை. சந்து முனைகளில் இருக்கும் பக்கச் சுவர்தான் கடைவீதிக்கு ஏற்றது. கடை திறந்திருக்கும்போதும் தெரியும், வியாபாரத்துக்கும் இடைஞ்சல் இல்லை. மாடிச் சுவரும் நல்ல இடம், ஆனால் சாரம் கட்ட வேண்டும், மின்கம்பி தள்ளியிருக்க வேண்டும்.

சுவரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் வரையக் கூடாது. ஓதம், அதாவது உள்ளே ஈரக்கசிவு, இருக்கிறதா என்று தெரிய, ஒரு பிளாஸ்டிக் காகிதத்தை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் அந்தச் சுவர் வேண்டாம், அல்லது ஒழுகும் குழாயைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டாமல் மேலே அடித்தால் ஒரு மழைக்காலத்தில் பொரிந்து உதிரும். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது காய வேண்டும். பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கழுவி, காயவிட்டு, வெளிச்சுவருக்கான பிரைமர், அதன் மேல் எக்ஸ்டீரியர் எமல்ஷன். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் 50 முதல் 60 சதுர அடி வரும். 10 அடி உயரம், 30 அடி நீளச் சுவரின் அடிநிறத்துக்கு மட்டும் 5, 6 லிட்டர் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மேற்குப் பார்த்த சுவரில் சில பளபளப்பான சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுத்துவிடும். காவி, மஞ்சள் காவி மாதிரி மண் நிறங்கள் நின்று பிடிக்கும். தர்பார் திரையின் சிவப்பை அதனால்தான் காவிச் சிவப்பாக வைத்தோம். காலம் என்று பார்த்தால், ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிந்து, பொங்கல் கழிந்து தொடங்குவதுதான் எங்கள் பக்கத்துக்குச் சரி. செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் முடித்துவிட்டால், ஊரே நடந்து வந்து பார்க்கும்.

பெயின்டர் அண்ணாச்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளக்ஸ் வருவதற்கு முன்னால் இந்த ஊர்ச் சுவர்களும் கடைப் பலகைகளும் அவர்கள் கையெழுத்துதான். பிளக்ஸ் வந்த பிறகு ஒருவர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனார், இன்னொருவர் ஆட்டோ வாங்கினார். கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்குவது, நீலத்தில் நனைத்த நூலை இழுத்துப் பிடித்து ஒரே சுண்டில் முப்பது அடிக்கு நேர்கோடு போடுவது, கை நடுங்காமல் ஓர் எழுத்தை ஒரே இழுப்பில் முடிப்பது, இவையெல்லாம் என் ஓவியக் கல்வியில் நான் கற்காதவை. கல்லூரிப் பிள்ளைகள் புரொஜெக்டரைக் கொண்டுவந்தார்கள். கடைவீதி விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சி சாக்பீஸை எடுத்தார், அன்று இரவே படுதாவின் தூண்கள் நின்றுவிட்டன.

அவர்களுக்குக் கூலி கொடுத்தோம். ஊர்ச் சேவை என்று சொல்லி, பிழைப்புக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் இலவசமாக வேலை வாங்குவது அநியாயம். மாணவர்களும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களாக இருக்கலாம், தினக்கூலிக்காரர் இருக்க முடியாது. வசூலில் முதல் செலவாக அவர்கள் கூலியை எழுதுங்கள், பெயின்ட் அதற்கு அடுத்தது. கடைக்காரர்கள் நன்றாகவே கொடுத்தார்கள், பெயின்ட் கடையில் பிரைமரை அடக்க விலைக்குத் தந்தார்கள். உபயம் என்று சுவரில் பெயர் போடும்படி சிலர் கேட்டார்கள். போடுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். ஒருவர் பெயர் வந்தால் அடுத்தவர் பெயர் அதைவிடப் பெரிதாக வர வேண்டியிருக்கும், கடைசியில் சுவர் விளம்பரப் பலகையாகிவிடும். கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி, கொடுத்த ஒவ்வொரு கடையிலும் ஒரு நகல் கொடுத்தோம்.

ஆனால் வரைந்தவர்கள் பெயர் இருக்கிறது. கொண்டையராஜுவின் காலண்டர் படங்களில் பல இடங்களில் அவர் பெயரோடு சீடர் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். ஒரு குரு தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் சீடனுக்கு இடம் விட்டிருக்கிறார். அந்த வழக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு சுவரின் வலது கீழ் மூலையில், கரிசல் பட்டைக்குச் சற்று மேலே, அண்ணாச்சிகள், மாணவர்கள், படத்தைத் திருத்திய அக்காமார், மிட்டாய் மாஸ்டர் எல்லார் பெயரும் ஒரே அளவில் இருக்கின்றன. தங்கள் பெயரைப் பார்க்கப் பிள்ளைகுட்டிகளோடு வந்த அக்காமார்களின் முகத்தைப் பார்த்தபோது, வேறு எதற்காகவும் இல்லாவிட்டாலும் இதற்காகவே வரைந்திருக்கலாம் என்று தோன்றியது.

முடிந்த சில வாரங்களில் தீப்பெட்டிச் சுவரின் மேல் ஒரு போஸ்டர் ஏறியது. விடிந்து பார்த்தால் மஞ்சள் சேலைக்கு நடுவே. பிள்ளைகளுக்கு அழுகை. உடனே பிய்த்திருந்தால் மைதாப் பசையோடு பெயின்டும் வந்திருக்கும். அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரும் ஸ்பான்ஜும் கொண்டுவந்து, ஊற ஊற நனைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். படத்துக்கு மேலே கிளியர் கோட் அடித்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். பிறகு போஸ்டர் ஒட்டும் தம்பிகளைத் தேடிப் போய்ப் பேசினோம். அவர்கள் இருட்டில் வேலை செய்கிறவர்கள், வெளுப்பான இடம் எங்கே தெரிகிறதோ அங்கே ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு உரிமையாளர் சம்மதித்த வேறொரு சுவரைக் காட்டிக் கொடுத்தோம். அதன் பிறகு எங்கள் சுவர்களில் ஏறவில்லை.

மற்ற ஊர்களில் செய்ததையும் பார்த்துக்கொள்வது நல்லது. மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த, நிஜ சைக்கிளோடு சேர்ந்த பிள்ளைகள் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அங்கே என்னைக் கவர்ந்தது, தெருவுக்குத் தெரு இரும்புக் கம்பியை வளைத்துச் செய்து சுவரில் பதித்திருக்கும் கேலிச்சித்திரங்கள். அந்தத் தெருவில் யார் இருந்தார்கள், என்ன தொழில் நடந்தது என்று ஒவ்வொன்றும் சொல்கிறது. பெயின்ட் வெளுக்கும், கம்பி நிற்கும். வெல்டிங் பட்டறைகள் நிறைந்த ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய வழி. சென்னை கண்ணகி நகரில் 2020-இல் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. அளவில் அவை பிரமாதம். அந்த மாதிரி நாலு மாடி உயரத்துக்குப் பெரிய அமைப்பின் பணமும், ஆளை உயரத் தூக்கி நிறுத்தும் இயந்திர மேடையும் வேண்டும். எங்களைப் போன்ற சிறிய ஊர்க் கடைவீதிக்கு, நடந்து போகிறவர் கண் மட்டத்தில் பத்தடிச் சுவரே போதும். கிட்டே வந்து விரலால் தொட்டு, "இது இப்படி இல்ல, அப்படி" என்று ஒருவர் சொல்ல முடிகிற உயரம் அது.

பராமரிப்புக்கு நாங்கள் செய்திருப்பது: ஒவ்வொரு நிறத்தின் ஷேடு எண்ணையும் கம்பெனிப் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி, நிறத்துக்கு அரை லிட்டர் டப்பா மூடி போட்டு, அண்ணாச்சி வீட்டில் வைத்திருக்கிறோம். மிக்ஸிங் மெஷினில் அந்த எண்ணைக் கொடுத்தால் அதே நிறம் திரும்பக் கிடைக்கும். வருடத்துக்கு ஒரு முறை, மழை முடிந்ததும், கழுவி ஒட்டுப்போட வேண்டியதைப் போடுவது என்று பேச்சு. அதற்குக் கடைக்கு இவ்வளவு என்று தனியாக எடுத்து வைத்தாகிவிட்டது.

அடுத்தது ஹாக்கி. மைதானத்துப் பிள்ளைகள் இப்போதே வந்து, மட்டையைப் பிடிக்கும் கை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பு எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பென்சில் படத்தில் இடது கை மேலே இருக்க வேண்டும் என்பது முதல் திருத்தம். சுவரும் பார்த்தாகிவிட்டது, எட்டயபுரம் ரோட்டுப் பக்கம், காய்ந்த சுவர், ஓதம் இல்லை. உரிமையாளர்களில் ஒருவர் வெளியூரில் இருக்கிறார். அவர் கையெழுத்து வந்ததும் பிரைமர் அடிப்போம்.